வேலைக்கும் இடமுள்ள வீடு

(தொண்டைமானாறு சந்திப்பில் ஆற்றிய உரை)



அன்னதானக் கந்தனின் ஊரில் யாரும் பசியோடு இருக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் சாப்பாட்டு நேரம் தாண்டியும் கொஞ்சம் பேசுகிறேன்.

மலையகத்திலிருந்து வந்திருக்கும் நம் ஆட்கள் இந்தப் பக்கத்து வளவுகளைக் கவனியுங்கள். மர நிழலில் வலை தைக்கிறார்கள். வேலியோரம் கிடுகு பின்னுகிறார்கள். புகையிலைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பல வளவுகளுக்குள்ளேயே சுருட்டுக் கொட்டில் இருந்தது. வளவு சொந்தம், அதனால் தொழிலுக்குத் தேவையான இடத்தில் கொட்டில் எழும்பியது. காணியில்லாதவர்களும் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் கதை வேறு.

லயமும் வீட்டையும் வேலையையும் சேர்த்துக் கட்டியதுதான். ஆனால் அது தோட்டத்தின் வசதிக்காக. பேர் போட்டால் காம்பரா, வேலையை விட்டால் காம்பராவும் போய்விடுமோ என்ற பயம். அந்த ஒரு காம்பராவில் சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம். பிள்ளை இஸ்தோப்பில் குந்திப் படிக்கும், மழைச்சாரல் அடித்தால் புத்தகத்தை மூடும். ஒரு தையல் மெஷினை வைத்தால் வாசலை அடைத்துவிடும்.

7 பேர்ச் காணியில் தனி வீடு வரத் தொடங்கியது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி அறிவித்த 10,000. கிடைப்பது நல்லது, அதற்காகத்தான் இத்தனை காலம் போராடினோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு 550. மீதி 1,350இல் மலசலகூடக் குழி, படிக்கட்டு, சரிவில் வெட்டிய மண்திட்டு எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும்? மாட்டுப்பட்டி எங்கே? மரக்கறிப் பாத்தி எங்கே? கொழும்பில் கடை வேலையை விட்டு வந்த பொடியன் போன் திருத்த எங்கே உட்காருவான்? படம் வரைந்தவர்களுக்கு நாம் சமைப்பதும் படுப்பதும் மட்டும் ஞாபகத்தில் இருந்திருக்கிறது.

நான் கேட்பது மாளிகை இல்லை. ஒரு பக்கக் கூரையை ஆறு அடி கூடுதலாக இறக்கினால் அது தையலுக்கும் கடைக்கும் படிப்புக்கும் ஆகும். அந்தப் பக்கம் பாதையைப் பார்த்து ஒரு கதவு வேண்டும், வாடிக்கைக்காரர் படுக்கையறை வழியாக வரக்கூடாது. வெளிச்சம் வரும் பக்கம் பெரிய ஜன்னல், மெஷினுக்குத் தனி மின் இணைப்பு. பட்டி குசினிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் கீழே, சரிவின் தாழ்ந்த பக்கம் இருக்க வேண்டும். இவ்வளவையும் அத்திவாரம் வெட்டுமுன் சொன்னால் செலவு குறைவு. கொங்கிரீட் போட்ட பிறகு சுவரை உடைக்க எவருக்கும் வசதி இருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதில் எனக்குப் பயம். வீட்டில் வேலைக்கு இடம் வந்தால் முகவர் வாசலுக்கே வருவான். துணி தருவான், உருப்படிக்கு இவ்வளவு என்பான். ஊழியர் சேமலாப நிதி கிடையாது, நேரக் கணக்கு கிடையாது, பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைக்கும். தோட்டங்களிலும் தேயிலை மலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தின் எடைக்குக் காசு தரும் முறை பேசப்படுகிறது. அப்படியானால் வீடே வேலைத்தலம், முதலாளி மட்டும் முதலாளி இல்லை என்பார்! சர்வதேச தொழில் தாபனம் 1996இல் கொண்டுவந்த 177ஆம் இலக்கச் சமவாயம், வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் கூலியிலும் சமூகப் பாதுகாப்பிலும் சங்கம் சேர்வதிலும் மற்றத் தொழிலாளிக்குள்ள உரிமை வேண்டும் என்கிறது. இலங்கை இன்னும் அதில் கையொப்பமிட்டு ஏற்கவில்லை. மெஷின் மிதிக்கும் பெண்ணையும் சங்கத்தில் சேர்த்துச் சந்தாப் புத்தகம் கொடுக்காமல் கூரையை மட்டும் கேட்டால் பாதி வேலைதான் செய்திருப்போம்.

ஆகவே தோட்டக் கமிட்டித் தலைவர்களிடமும் மாதர் தலைவிகளிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் காணிக்கு முளை அடிக்குமுன் வீட்டுப் படத்தை வாங்கி, கூட்டத்தில் விரித்து வையுங்கள். ஒவ்வொரு குடும்பமும் கொழுந்தைத் தவிர என்ன வேலை செய்கிறது, எந்த இடத்தில் செய்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெண்கள் சொல்வதை முதலில் எழுதுங்கள். அந்தக் கொப்பியோடு வீடமைப்பு அதிகாரிகளிடம் போவோம்.