கவுன்சிலர் வேட்பாளர்களிடம் கேட்ட மூணு கேள்வி

இன்னைக்கு வழக்கமான டெக் எபிசோட் இல்லை. 2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை, தமிழ்நாடு முழுக்க நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சி. சென்னையில் மட்டும் 200 வார்டு. அதைப் பத்தித்தான் பேசப் போறோம்.

முதல்ல ஒரு விஷயம். அப்ப எனக்கு 27 வயசு. எம்.பி. தேர்தலில் ரெண்டு தடவை, எம்.எல்.ஏ. தேர்தலில் ரெண்டு தடவை ஓட்டு போட்டிருந்தேன். கவுன்சிலருக்கு அதுவரை ஒரு தடவைகூடப் போட்டதில்லை. சோம்பேறித்தனம் இல்லைங்க. சென்னையில் அதுக்கு முன்னாடி கடைசியா இந்தத் தேர்தல் நடந்தது 2011 அக்டோபரில். அப்ப எனக்கு 17. அந்த மன்றத்தோட பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிஞ்சது. அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு மேல தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலரே இல்லாம, அதிகாரிகளை வச்சுத்தான் மாநகராட்சி ஓடுச்சு. இதைக் கேட்டுட்டிருக்கிற பல பேருக்கும் அதுதான் முதல் கவுன்சிலர் ஓட்டா இருந்திருக்கும்.

எனக்கு இந்த ஓட்டு ஏன் முக்கியம்னு சொல்றேன். நாங்க இருக்கிறது தென்சென்னையில், தாழ்வான ஒரு பகுதியில், தரைத்தளத்து வாடகை வீடு. 2021 நவம்பர் 6ஆம் தேதி ராத்திரி பெய்ஞ்ச மழை ஞாபகம் இருக்கும். விடியறதுக்குள்ள நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாச்சு. எங்க வீட்டில் தண்ணி முதல்ல வந்தது வாசல் வழியா இல்லை, பாத்ரூம் ஓட்டை வழியா. சாக்கடைத் தண்ணி. அம்மா அரிசி டப்பாவைத் தூக்கிக் கட்டில் மேல வச்சாங்க, நான் லேப்டாப்பைத் தூக்கினேன். காலையில் ஸ்டாண்ட்அப் மீட்டிங்கை மாடி வீட்டுக்காரங்க ஹாலில் உட்கார்ந்துதான் அட்டெண்ட் பண்ணேன்.

அதனால அந்த முறை ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட கேள்வி கேட்கணும்னு முடிவு பண்ணேன். ஆனா எதைக் கேட்கிறது? கவுன்சிலரால என்ன செய்ய முடியும்னே எனக்குத் தெரியலை. ரெண்டு நாள் உட்கார்ந்து படிச்சேன்.

யார் கையில் என்ன இருக்கு?

1992இல் கொண்டுவந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்குன்னு 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டிருக்கு. குடிநீர், துப்புரவு, திடக்கழிவு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு எல்லாம் அதில் வருது. ஆனா எதை எந்த அளவுக்குக் கொடுக்கணும்னு முடிவு பண்றது மாநில அரசு. அதனால நடைமுறை வேற மாதிரி இருக்கு.

சென்னையில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் மெட்ரோ வாட்டர்கிட்ட இருக்கு. 1978 சட்டப்படி வந்த தனி வாரியம் அது. ஏரிகள் பெரும்பாலும் நீர்வளத் துறை கையில். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் வனத்துறைக்குப் பெரிய பங்கு. எந்த இடத்தில் என்ன கட்டலாம்ங்கிற பெரிய திட்டம் சி.எம்.டி.ஏ. போடுறது. தொழிற்சாலைப் புகை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட வேலை.

அப்ப மாநகராட்சிக்கு மிச்சம் என்ன? குப்பை, மழைநீர் வடிகால், உள் தெருக்கள், பூங்கா, தெருவிளக்கு, கொசு ஒழிப்பு. கேட்கிறதுக்குச் சின்னதாத் தெரியும். ஆனா என் வீட்டுக்குள்ள தண்ணி வந்ததுக்கான காரணத்தில் பாதி இந்தப் பட்டியலில்தான் இருக்கு.

இன்னொண்ணு. மேயரை நாம நேரடியாத் தேர்ந்தெடுக்கிறதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பாங்க. மாநகராட்சி பட்ஜெட்டை மன்றத்தில் வச்சு நிறைவேத்துறதும் அவங்கதான். ஆக, கவுன்சிலர்னா தெருவிளக்கு எரியலைன்னு போன் பண்ற ஆள் மட்டும் இல்லை.

இதை வச்சு மூணு கேள்வி தயார் பண்ணேன்.

ஒண்ணு: தெருவில் புது ரோடு போடும்போது பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் போடணும்னு நின்னு பார்ப்பீங்களா?

ரெண்டு: நம்ம வார்டுக் குப்பை எங்க போகுது, அதைக் குறைக்க என்ன பண்ணுவீங்க?

மூணு: ஜெயிச்ச பிறகு, வருஷத்துக்கு எத்தனை தடவை எங்களை உட்கார வச்சு இதே கேள்விகளுக்குப் பதில் சொல்வீங்க?

ஏன் இந்த மூணு?

ரோடு விஷயம் சென்னைக்காரங்களுக்குத் தெரியும். பழைய ரோட்டு மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, ரோடு மேல போகுது, வீடு கீழ போகுது. மழைத் தண்ணி ரோட்டில் இருந்து வீட்டுக்குள்ள இறங்கும். 2021இல், அப்பத் தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, சுரண்டிட்டுத்தான் ரோடு போடணும்னு உத்தரவே அனுப்பினார். உத்தரவு இருக்கு, சரி. எங்க தெருவில் வேலை நடக்கிற ராத்திரி அதைப் பார்க்க ஒரு ஆள் வேணும். அது கவுன்சிலரால முடியற காரியம்.

குப்பைக்கு வருவோம். 2022 வாக்கில் சென்னையில் ஒரு நாளைக்குச் சுமார் 5,000 டன் சேர்ந்தது. வடக்குப் பக்கக் குப்பை கொடுங்கையூருக்கு, தெற்குப் பக்கக் குப்பை பெருங்குடிக்குப் போச்சு. பெருங்குடிக் கிடங்கு இருக்கிறது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலேயே. மழைக்காலத்தில் தென்சென்னைத் தண்ணியை வாங்கிக்க வேண்டிய இடம் அது. நம்ம குப்பையைக் கொட்டி அந்த இடத்தைக் குறைச்சா, தண்ணி நம்மகிட்டயே திரும்பி வருது.

அப்ப இருந்த 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்படி, வீட்டிலேயே மட்கும் குப்பை, மட்காத குப்பை, ஆபத்தான குப்பைன்னு மூணாப் பிரிச்சுக் கொடுக்க வேண்டியிருந்தது. குப்பையில் பாதிக்கு மேல மட்குறதுதான். அதை வார்டுக்குள்ளயே உரமாக்கினா, அவ்வளவு குறைவா லாரி பெருங்குடிக்குப் போகும்.

மூணாவது கேள்வி என் சித்தப்பாவால வந்தது. அவர் ஊரில் கிராம சபை உண்டு. எழுந்து நின்னு கணக்கு கேட்பார். "உங்க சிட்டியில எங்கடா நின்னு கேப்பே?"ன்னு ஒரு நாள் கேட்டார். ஒரு வார்டுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல இருக்கோம், கேட்கிறதுக்கு அப்ப ஒரு இடம் இல்லை. வார்டு கமிட்டி, ஏரியா சபைன்னு பல அமைப்புகள் அப்ப கேட்டுட்டிருந்தது இதைத்தான்.

என்ன பதில் வந்தது?

எங்க வார்டில் நான் பேச முடிஞ்சது நாலு வேட்பாளர்கள்கிட்ட. கட்சி, பேர் எதுவும் சொல்லப் போறதில்லை. பிரச்சாரம் பண்றது என் வேலை இல்லை.

முதல் ஆள் நோட்டீஸில் "ஏரி தூர்வாரப்படும்"னு பெருசாப் போட்டிருந்தார். "அண்ணா, ஏரி நீர்வளத் துறைகிட்ட இல்லையா இருக்கு?"ன்னு கேட்டேன். "அமைச்சர்கிட்ட பேசிப் பண்ணிடலாம் தம்பி"ன்னார். ரோட்டைப் பத்திக் கேட்டதுக்கு, "புது ரோடு கண்டிப்பா உண்டு"ன்னார். நான் கேட்டது அது இல்லை.

ரெண்டாவது ஆளோட கோஷம் "குப்பை இல்லா வார்டு". எப்படின்னு கேட்டேன். "காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வண்டி வரும்."

"வண்டி எங்கண்ணா போகும்?"

"பெருங்குடிக்கு."

"அங்க இருக்கிறவங்க?"

சிரிச்சார். "அது வேற வார்டு தம்பி."

நானும் அவரோட சேர்ந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்துச்சு. இந்த 27 வருஷம் நானும் அப்படித்தான நினைச்சிட்டிருந்தேன்?

மூணாவது, நம்ம வயசுப் பையன். பி.டி.எஃப். அறிக்கையெல்லாம் வச்சிருந்தான். கார்பன், காலநிலைன்னு அழகாப் பேசினான். "உரக்கூடம் எந்த இடத்தில் ப்ரோ?"ன்னு கேட்டப்ப நின்னுட்டான். ஆனா ரெண்டு நாள் கழிச்சு அவனே போன் பண்ணி, வார்டில் ரெண்டு இடம் சொன்னான். அதில் ஒண்ணைச் சுத்தி இருக்கிற வீட்டுக்காரங்க நாத்தம் வரும்னு எதிர்ப்பாங்க, அவங்ககிட்ட பேசணும்னும் சொன்னான். பிரச்சனையைச் சேர்த்துச் சொன்ன பதில்ங்கிறதால எனக்கு அதில் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

நாலாவது ஒரு அக்கா. முதல் பத்து நிமிஷம் அவங்க வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். பெண்களுக்குப் பாதி இடம்னு சட்டம் சொல்லுது, மைக் இன்னும் வீட்டுக்காரர் கையில். ரோட்டைப் பத்திக் கேட்டதும் அக்கா அவரை நிறுத்திட்டாங்க. "எங்க வீட்டுக்கு நாலு படி ஏறிப் போவோம் தம்பி. இப்ப ஒரு படிதான் இருக்கு. ரோடு போடுற அன்னைக்கு ராத்திரி நான் அங்க நிப்பேன்"ன்னாங்க.

சரி அக்கா, குப்பை? கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பிரிச்சுப் போடுங்கன்னு இப்பச் சொன்னா ஓட்டு போயிடும் தம்பி"ன்னாங்க.

நாலு பேரில் ரொம்ப நேர்மையான பதில் அதுதான். ஏரி தூர்வாருவேன், மரம் நடுவேன்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன்னா அதில் நமக்கு எந்த வேலையும் இல்லை. கைதட்டிட்டுப் போயிடலாம். குப்பையைப் பிரிங்க, உங்க தெருப் பக்கத்தில் உரக்கூடம் வரும், வடிகாலுக்கு மேல போட்ட சரிவுப் பாதையை எடுங்க, சாக்கடைக் குழாயை மழைநீர் வடிகாலில் விடாதீங்கன்னு சொன்னா, வேலை நம்ம பக்கம் வருது. அதைச் சொல்றவங்களுக்கு நாம ஓட்டு போட மாட்டோம்னு அவங்க கணக்குப் போட்டிருக்காங்க. அந்தக் கணக்கு தப்புன்னு காட்டினாத்தான் அடுத்த தேர்தல் நோட்டீஸ் மாறும்.

மூணாவது கேள்விக்கு, கூட்டம் போடுறதப் பத்தி, நாலு பேருமே "எப்ப வேணா வீட்டுக்கு வாங்க"ன்னாங்க. வீட்டுக்குப் போய்க் கேட்டா அது உதவி. ஊர் முன்னாடி கேட்டாத்தான் கணக்கு. அக்காவும் அந்தப் பையனும் மட்டும் கடைசியில் "மூணு மாசத்துக்கு ஒரு கூட்டம்"னு ஒத்துக்கிட்டாங்க. தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்.

நாலு பேரோட பதிலையும் அப்படியே எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். குட் மார்னிங் மெசேஜுக்கு நடுவில் முதல் தடவையா ஒரு மணி நேரம் வடிகாலைப் பத்திச் சண்டை நடந்தது. எனக்குச் சந்தோஷமா இருந்தது.

அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஊரையெல்லாம் கேள்வி கேட்டியே, நம்ம வீட்டுல குப்பைக்கு எத்தனை பக்கெட்டு?"ன்னாங்க. ஒண்ணுதான் இருந்தது. இப்ப மூணு இருக்கு.

நீங்க செய்ய வேண்டியது சிம்பிள். அடுத்த கவுன்சிலர் தேர்தலுக்கு முன்னாடி உங்க வார்டு வேட்பாளர் யாராவது ஒருத்தர்கிட்டயாவது ஒரு கேள்வி கேளுங்க. அவர் கையில் இருக்கிற வேலையைப் பத்தி மட்டும் கேளுங்க. "செய்றேன்"னு சொன்னா, எங்க, எப்படி, யார் எதிர்ப்பாங்கன்னு கேளுங்க. பதிலை எழுதி வைங்க. ஜெயிக்கிறது யாரா இருந்தாலும் அந்தக் காகிதம் அஞ்சு வருஷத்துக்கு உதவும்.

நான் யாருக்குப் போட்டேன்னு கேட்காதீங்க. ஆனா கண்டிப்பாப் போட்டேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.