சேனாதிபதியும் அபேட்சகரும்



பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிக் கழகமும், தாம்பரத்தில் விமானப்படைத் தளமும் இருத்தலின், நம் வீதிகளில் பென்ஷன் பெற்ற வீரர் பலர். அவருள் சிலர் தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளுள் ஒன்றில் அபேட்சகராய் நிற்க விழைகின்றனர். யாம் தடுக்கின்றோமல்லோம்.

1949 ஜனவரி 15-இல் இந்தியத் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா, 1971-இல் பம்பாயில் மக்களவைத் தேர்தலுக்கு நின்று தோற்றார். குறை அவர் வீரத்திலோ? அன்று. படையில் ஒருவர் ஆணையிட ஆயிரவர் கேட்பர். தேர்தலிலோ ஆயிரவர் வினவ ஒருவர் விடை கூறல் வேண்டும். மேஜர் ஜெனரல் கந்தூரி 1991-இல் கட்வாலில் வென்றார். 2007-இல் உத்தராகண்ட முதலமைச்சருமானார். அவரும் 2012-இல் கோட்துவாரில் தோற்றனர்.

2015-இல் வெள்ளம் புகுந்த முடிச்சூரில் ஓர் அம்மையார் மழைநீர்க் கால்வாயைச் சுட்டி வினவுவாராயின், பதக்கத்தைக் காட்டி விடையிறுத்தல் இயலுமோ? நிற்க விரும்புவோர் வரும் ஞாயிறன்று எம்முடன் அவ்வூர் வரை நடந்து வருவாராக.