‘ப்ளாங்க்’ போட்டாயா?

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் ஆராய்ச்சியைப் பற்றி எல்லோருக்கும் புரிகிற மாதிரி பத்து நிமிஷம் பேசு" என்றார் சங்கச் செயலாளர். சாதனையை எதிர்பார்த்திருப்பார். நான் சறுக்கி விழுந்த கதையைச் சொல்லப் போகிறேன். மாணவர்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

நான் 1995இல் இங்கே பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தவன். ப்ராக்டிகலில் தேங்காய் எண்ணெயின் சபானிஃபிகேஷன் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். எண்ணெய் விட்ட குடுவை ஒன்று. எண்ணெய் மட்டும் விடாமல் மற்றதெல்லாம் விட்ட குடுவை இன்னொன்று. இரண்டாவதுதான் ‘ப்ளாங்க்’. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே எண்ணெயின் கணக்கு. எங்கள் சார் மேஜை மேஜையாக வந்து, "என்னப்பா, ப்ளாங்க் போட்டியா?" என்று கேட்பார். ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பக்கத்து மேஜை நண்பனின் எண்ணை எழுதிக்கொண்டு, "போட்டேன் சார்" என்றேன். சாரும் நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

2001. நான் பிஎச்.டி. மாணவன். ஹெச்.எஸ்.பி.70 என்ற மனிதப் புரதம் என் ஆராய்ச்சிப் பொருள். சூடு போன்ற நெருக்கடி வரும்போது, செல்லுக்குள் மற்ற புரதங்கள் கெட்டுச் சுருண்டு போகாமல் காக்கிற புரதம் அது. ஆராய்ச்சிக்கு வேண்டிய அளவுக்கு அதை மனித உடலிலிருந்து எடுக்க முடியுமா? அதனால் அதற்குரிய மனித ஜீனை ஈ. கோலி என்ற பாக்டீரியாவுக்குள் செலுத்துவோம். பாக்டீரியா நமக்காகப் புரதத்தைச் செய்து தரும். 1978இல் மனித இன்சுலினைச் செய்ததும், 1982இல் அது அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றதும் இந்த வழியில்தான். ஆனால் நாங்கள் செய்தது ஊசி மருந்து அல்ல, ஆராய்ச்சிக்கூடத்துக்கு மட்டுமானது.

பாக்டீரியாவை உடைத்து, நிக்கல் ஏற்றிய மணிகள் நிரம்பிய குழாய் வழியே வடித்தேன். ஜெல்லில் ஓட்டிச் சாயமிட்டால் ஒரே ஒரு கோடு. சுத்தமோ சுத்தம்! அதை எலியின் மேக்ரோஃபேஜ் செல்களில் விட்டேன். அவை கொதித்தெழுந்து டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைக் கக்கின. "இந்தப் புரதம் நோய் எதிர்ப்புச் செல்களைத் தூண்டுகிறது" என்று எட்டு மாத உழைப்பில் கட்டுரை தயார். தபாலில் போட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, ஜீன் போடாத வெறும் ஈ. கோலியை இதே மாதிரி உடைத்து, வடித்து, செல்லில் விட்டுப் பார்த்தீங்களா?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. காதில் சாரின் குரல்: "ப்ளாங்க் போட்டியா?"

மறுவாரம் செய்து பார்த்தேன். என் புரதம் துளிகூட இல்லாத அந்த நீருக்கும் செல்கள் அதே மாதிரி கொதித்தன.

காரணம் எண்டோடாக்ஸின். ஈ. கோலியின் வெளிச்சவ்வில் இருக்கும் பொருள். பாக்டீரியாவை உடைக்கும்போது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அது புரதம் அல்ல. ஆகவே ஜெல்லில் புரதத்துக்குப் போடும் சாயத்தில் தெரியாது. ஒரு மில்லி லிட்டரில் ஒரு நானோகிராமுக்குக் குறைவாக இருந்தாலே மேக்ரோஃபேஜ் விழித்துக்கொள்ளும். எண்டோடாக்ஸினை நன்றாக நீக்கிய பிறகு என் புரதத்தைக் கொடுத்தேன். செல்கள் சும்மா இருந்தன.

கைடிடம் போய்ச் சொன்னேன். கட்டுரையை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். ஒன்றும் பேசவில்லை. என் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. 2003இல் காவோ, ட்சான் என்ற இருவர், இதே புரதத்தில் டி.என்.எஃப். விளைவுக்குக் காரணம் எண்டோடாக்ஸின் கலப்படமே என்று அமெரிக்க ஆய்விதழில் எழுதினார்கள். படித்தபோது வருத்தமும் நிம்மதியும் சேர்ந்தே வந்தன. அந்தத் தங்கை கேட்டிராவிட்டால், பொய்யான ஒரு முடிவு என் பெயரில் அச்சாகியிருக்கும்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் இப்படி ஒரு குப்பியை விலைக்கு வாங்குவீர்கள். ‘95 சதவீதம் சுத்தம்’ என்று இருக்கும். மீதியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எந்த உயிரில் செய்தது, எண்டோடாக்ஸின் எவ்வளவு என்று கூட வரும் தாளைப் படியுங்கள். ஈ. கோலி செய்த மனிதப் புரதத்தில், மனித செல் சேர்க்கும் சர்க்கரைக் கிளைகள் பொதுவாக இருக்காது என்பதையும் மறவாதீர்கள். உங்களைவிடச் சின்னவர்கள் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் சார் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், அன்றைக்கு நான் ப்ளாங்க் போடவில்லை. முப்பது வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். வேண்டுமானால் அந்தக் கையெழுத்தை அடித்துவிடுங்கள்.