கானாவூர்க் கலியாணமும் கள்ளுக்கடையும்

கிறிஸ்தவன் மது அருந்தலாமா, ஆகாதா? இவ்வினாவிற்கு ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம் என்று எண்ணுவோர் இரு திறத்தினர். 'இயேசு பெருமானே கானாவூர்க் கலியாண வீட்டில் தண்ணீரைத் திராட்சரசமாக மாற்றினார். ஆகவே குடிப்பதில் குற்றம் என்ன?' என்பார் ஒரு சாரார். 'அது மதுவே அன்று, புளிக்காத பழச்சாறு' என்பார் மற்றொரு சாரார். கொல்லிமலைப் பள்ளிகளில் நான் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்த ஆண்டுகளில் இவ்விரண்டு விடைகளையும் மாணவர் வாயிலாகவும் பெற்றோர் வாயிலாகவும் பன்முறை கேட்டிருக்கிறேன். இரண்டும் எனக்கு மனநிறைவு தரவில்லை.

முதலில் இரண்டாவது விடையை எடுத்துக்கொள்வோம். அது நல்ல எண்ணத்தில் எழுந்த விடை. ஆனால் மெய்யான விடை அன்று. தமிழில் 'ரசம்' என்றால் சாறு. சீர்திருத்தச் சபையார் வழிவழியாக வாசித்துவரும் தமிழ் வேதாகமத்தில் கானாவூர்ப் பகுதியில் 'திராட்சரசம்' என்றே இருக்கிறது. பவுலடியார் எபேசு நகரத்தார்க்கு எழுதிய நிருபத்திலோ 'மதுபானம்' என்ற சொல் வருகிறது. இதைக் காணும் மாணவன், முன்னது பழச்சாறு, பின்னது போதைப்பொருள் என்று பகுத்துக்கொள்கிறான். மூலமாகிய கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் இருப்பது 'ஓய்னோஸ்' என்ற ஒரே சொல்தான்! மொழிபெயர்ப்பாளர் இடம் நோக்கி வேறு சொல் இட்டனர். நாம் அதன்மேல் ஒரு கோட்டையையே கட்டிவிட்டோம்.

பனைமரம் அறிந்த நமக்கு இதில் மற்றொன்றும் விளங்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் பொழுது ஏற ஏறக் கள். இனிப்பான சாறு எதுவும் வெப்ப நாட்டில் தானே புளித்துவிடும். திராட்சைச் சாற்றைப் புட்டியில் அடைத்துச் சூடேற்றி, நொதிக்காமல் நெடுநாள் வைத்திருக்கும் முறையை அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்டு சபையார் 1869-ல் கண்டார். திருவிருந்துப் பாத்திரத்தில் மது இருத்தலாகாது என்பதே அவர் நோக்கம். அதற்குப் பதினெட்டு நூற்றாண்டுகட்கு முன்பு கலியாண வீட்டார் வெல்ச்சின் புட்டியை எங்கே தேடுவர்? குடியை விலக்குவதற்கு வேதத்தைத் திருத்திப் படிக்க வேண்டியதில்லை, மாணவர்களே.

இனி முதல் விடை. கானாவூரை மட்டும் படித்துவிட்டு நூலை மூடிவிடுவோர், வேதாகமத்தின் பெரும்பகுதியைப் படியாமல் விடுகின்றனர். நோவா குடித்து மதிமயங்கி நாணிழந்த கதை ஆதியாகமத்திலேயே இருக்கிறது. நசரேய விரதம் பூண்டோர் திராட்சைப் பழத்தையும் தொடலாகாது. ரேகாபியர் என்ற குடும்பத்தார் தம் முன்னோன் சொல்லுக்கு அடங்கித் தலைமுறை தலைமுறையாக மதுவைத் தீண்டாதிருந்ததை எரேமியா தீர்க்கதரிசி எடுத்துப் பாராட்டுகிறார். சாலமோனின் நீதிமொழிகள் குடியனின் சிவந்த கண்ணையும் காரணமில்லாக் காயங்களையும் வருணிக்கும் பகுதி, நம் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு வகுத்த அதிகாரத்தோடு அருகருகே வைத்துப் படிக்கத் தக்கது.

எனவே வேதம் முற்றிலும் தடுக்கவுமில்லை; குடியைப் போற்றவுமில்லை. சபைகள் வேறுபட்டு நின்றதற்குக் காரணம் இதுவே. கத்தோலிக்கர்க்கும் லுத்தரன் சபையார்க்கும் அளவோடு அருந்துதல் பாவம் அன்று, வெறித்தலே பாவம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் சாராயத்தால் சீரழிவதைக் கண்ணாரக் கண்ட மெதடிஸ்டுகளும் பாப்டிஸ்டுகளும் முழுவிலக்கை நாடினர். இரட்சணிய சேனையின் போர்வீரராக உறுதிமொழி எடுப்போர் மதுவை அறவே விடவேண்டும். இது சீர்திருத்தச் சபைகளின் கொள்கை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். அயர்லாந்தில் 1838-ல் தொடங்கி மக்களைத் திரள் திரளாக மதுவிலக்கு உறுதி எடுக்கச் செய்த மாத்தியூ, ஒரு கத்தோலிக்கத் துறவி.

இப்போது எங்கள் மலைக்கு வருவோம். ஜெஸி பிராண்ட், அவர் மனைவி ஈவ்லின் என்ற ஆங்கிலத் தம்பதியர் 1913-ல் மணம் முடித்துக் கொல்லிமலை ஏறி வாழவந்தியில் குடியமர்ந்தனர். அவர்கள் மகனே, பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து உலகப் புகழ் பெற்ற பால் பிராண்ட். ஜெஸி 1929-ல் மலைக்காய்ச்சலின் கொடிய வகை ஒன்றால் இறந்தார். ஈவ்லின் அம்மையார் முதிய வயதிலும் மலைவாழ் மக்களை விட்டுப் பிரிய மனமின்றித் திரும்பி வந்து, 1974-ல் மறையும்வரை மலை மலையாகச் சுற்றித் தொண்டு செய்தார்.

அக்காலத்தில் எங்கள் மலையில் நரம்புச் சிலந்தி நோய் மிகுதி. கெட்ட நீரின் வழியே உடலிற் புகும் புழு, ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளமாக வெளிவரும். அதைக் குச்சியில் சுற்றிச் சிறிது சிறிதாக இழுப்பதே மருத்துவம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அளவோடு குடிக்கலாம் என்போர் தவறாமல் காட்டும் சான்று, பவுலடியார் தம் மாணாக்கன் தீமோத்தேயுவுக்குச் சொன்ன யோசனை. தண்ணீர் மட்டும் குடியாமல், வயிற்று நோவுக்காகச் சிறிது திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்பது அதன் கருத்து. அது மருந்துச் சீட்டு. விருந்துக்கு அழைப்பு அன்று. நீர் கெட்டிருந்த உலகில் அது தக்க யோசனையாயிருக்கலாம். எங்கள் மலையில் நோய் தீர்ந்ததோ நீரைத் திருத்தியதால். பாதுகாப்பான கிணறும் வடிகட்டிய நீரும் பரவியபின், 2000-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதுமே அந்நோய் நீங்கிய நாடு எனச் சான்று பெற்றது. அளவான குடி உடலுக்கு நலம் என்ற பேச்சும் இன்று நிற்கவில்லை. தீங்கற்ற அளவு என்று எதையும் வரையறுக்க இயலாது என உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்துவிட்டது.

சட்டத்தின் கதையும் எங்கள் மாவட்டத்திலிருந்தே தொடங்குகிறது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-ல் ஆசிரமம் கண்ட இராஜாஜி, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற இதழை நடத்தினார். அதில் பணிபுரிந்தவர் கல்கி. இராஜாஜி முதல்வரானதும் 1937 அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. அன்று கொல்லிமலையும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் மாகாணம் முழுவதும் விலக்கு, 1971-ல் அது தளர்ந்தது, மீண்டும் வந்தது, 1981-ல் மறுபடியும் கடைகள் திறந்தன. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. விற்பனை வரி மட்டும் ஒருநாளும் விலகவில்லை என்று என் நண்பரான கணக்காசிரியர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆட்சி மாறினால் சட்டம் மாறும். அதனால்தான் கடை திறந்திருக்கும்போது நான் என்ன செய்வது என்ற கேள்வியை ஒவ்வொருவரும் தம் மனச்சான்றிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்குப் பவுலடியார் ரோமாபுரிச் சபையார்க்குக் காட்டிய வழிதான் எனக்கு மிகச் செவ்வையாகத் தோன்றுகிறது. எனக்கு உரிமை உண்டா என்ற கேள்வியோடு அவர் நிற்கவில்லை. என் உரிமையால் என் தம்பி இடறி விழுவானானால், இறைச்சியையும் மதுவையும் விட்டுவிடுதலே நன்று என்கிறார். வலியவன் தன் வலிமையை மெலியவன் பொருட்டு அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். இதில் கானாவூரைப் பழச்சாறாக்க வேண்டிய இடரும் இல்லை. குடிப்பவனையெல்லாம் பாவி என்று தூற்றும் செருக்கும் இல்லை.

மெலியவன் யார் என்று கேட்கிறீர்களா? சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகும் பலாவும் சுமந்து செல்லும் தகப்பனைப் பாருங்கள். விற்ற பணத்தில் பாதி வழியிலேயே கரைகிறது. மறுநாள் வகுப்பில் அவன் பிள்ளையின் இடம் காலியாக இருக்கும். வருகைப் பதிவேட்டைப் பார்த்தே சந்தை கூடிய நாளைச் சொல்லிவிடலாம் என்னும் அளவுக்கு எனக்கு அது பழகிவிட்டது. சம்பளக்காரராகிய ஆசிரியரோ அலுவலரோ மாலையில் ஒரு கிண்ணம் அருந்தினால் அவர் வீட்டு அடுப்பு அணையாது. ஆனால் அவரைப் பார்த்துக் குடிப்பவன் வீட்டில் அணையும். ஊரார் 'வாத்தியாரே குடிக்கிறார்' என்று சொல்லும் ஒரு சொல், பத்து நாள் பாடத்தை அழித்துவிடும்.

ஈவ்லின் அம்மையார் தொண்டாற்றிய மலைகளில் கல்வராயன் மலையும் ஒன்று. அதன் அடிவாரத்தை அடுத்த கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனால் உடலில் பார்மிக அமிலமாக மாறிக் கண்ணையும் மூளையையும் தாக்கும். மாண்டவர் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். அவர்களுள் எவரும் 'அளவோடு குடிக்கலாமா' என்ற தத்துவ விசாரம் செய்துகொண்டிருந்தவர் அல்லர்.

இனிப் பாத்திரம் ஒன்று எஞ்சியிருக்கிறது. திருவிருந்துப் பாத்திரத்தைச் சொல்கிறேன். அமெரிக்கா 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவைத் தடுத்தபோதும் வழிபாட்டு மதுவுக்கு விலக்கு அளித்தது. கத்தோலிக்க வழிபாட்டில் திராட்சை மதுவே இன்றியமையாதது. எனினும், குடிநோயால் துன்புற்ற குரு ஒருவர் ஆயரின் இசைவு பெற்று, நொதித்தல் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்ட சாற்றைப் பயன்படுத்தலாம் என்று அத்திருச்சபையும் இடம் தருகிறது. நம் கிராமத்துச் சீர்திருத்தச் சபைகள் பலவற்றிலோ சனிக்கிழமை மாலையில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டுகிறார்கள். பாத்திரத்தின் முன் முழந்தாளிடுவோரில் சென்ற மாதம்தான் குடியை விட்டவன் ஒருவன் இருப்பான். யாருக்காக அந்த அடுப்பு எரிகிறது என்பதை அவனிடம் எவரும் சொல்வதில்லை.