உம்ரா பயணமும் மாத்திரைப் பையும்

(உம்ரா செல்வோரை வழியனுப்பும் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



உம்ராவின் சட்டங்களை ஹஜ்ரத் அவர்கள் விளக்கிவிட்டார்கள். நாம் சொல்ல வந்தது உடம்பைப் பற்றி மட்டும்தான். அம்மையார்குப்பத்திலிருந்து இப்போது புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். சர்க்கரையோ பிரஷரோ இல்லாத வீடு நம் மஹல்லாவில் குறைவு.

தறியிலும் கடையிலும் உட்கார்ந்தே பழகிய கால்கள் நம்முடையவை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே சுமார் 450 மீட்டர். ஏழு முறை என்றால் மூன்று கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முன்பே தவாஃப் ஏழு சுற்று முடிந்திருக்கும். எனவே நாளை ஃபஜ்ரிலிருந்தே அரை மணி நேரம் நடந்து பழகுங்கள். முடியாதவர்கள் சக்கர நாற்காலியில் செய்யலாம். "நடந்து செய்தால்தான் நிறைவு" என்று சில வீடுகளில் பாட்டிமார் பிடிவாதம் பிடிப்பதாகக் கேள்விப்படுகிறோம். உடல்நலமில்லை என்று முறையிட்ட உம்மு ஸலமா (ரலி) அவர்களை வாகனத்தில் அமர்ந்தே தவாஃப் செய்யச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்த அன்னைக்கு இல்லாத குறை நம் பாட்டிமாருக்கு எங்கிருந்து வந்துவிடும்?

அடுத்தது வெயில். "நம்ம பக்கத்து வெயிலைவிடவா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2024 ஹஜ்ஜின்போது மக்கா ஹரமில் 51.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் ஹஜ் அனுமதி இல்லாமல் வந்து, தங்க நிழலின்றி நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள். விசிட் விசாவில் மலிவாக ஹஜ் செய்து தருகிறோம் என்று யாராவது வந்தால் இந்தக் கணக்கை அவரிடம் சொல்லுங்கள். இஹ்ராமில் ஆண்கள் தொப்பி அணியக் கூடாதே தவிர, குடை பிடிக்கத் தடையில்லை.

மக்காவிலிருந்து மதீனா சுமார் 450 கிலோமீட்டர். வழியில் கழிப்பறைக்கு இறங்க வேண்டுமே என்று நம் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். தலைசுற்றலும் நீர்க்கடுப்பும் அப்படித்தான் ஆரம்பிக்கின்றன. பேருந்தை நிறுத்தச் சொல்வது உங்கள் உரிமை. குழுத் தலைவரிடம் மகன்மார் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இன்னொரு வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஜம்ஜம் குடிக்கிறோமே, மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடுவது. ஜம்ஜமின் பரக்கத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. நோய்க்கு மருத்துவம் செய்யச் சொன்னதும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். இன்சுலினையும் மாத்திரைகளையும் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள், டாக்டர் சீட்டோடு. சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இன்சுலின் போடும் நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கால் எரிச்சலுக்கு நம்மவர் பலர் சாப்பிடும் ப்ரீகாபலின், வலிக்குத் தரும் டிரமடால் இரண்டும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் வேறு மருந்து உண்டா என்று விசாரியுங்கள். குருமாவுக்கு அரைத்த மசாலாப் பொடி கட்டிக்கொடுக்கும் மருமகள்மாரே, அதில் கசகசா இருக்கக் கூடாது. நமக்கு அது சமையல் சாமான். அங்கே போதைப்பொருள் கணக்கில் தடை.

மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, அங்கே போய்ச் சேருவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். 1987இலும் 2000இலும் ஹஜ் முடிந்து திரும்பியவர்களோடு அந்த நோய் பல நாடுகளுக்குப் போனது. ஊசி உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் காத்திருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

சர்க்கரைக்காரர்கள் செருப்பை வாசலில் விட வேண்டாம். தொலைந்துவிட்டால் வெளியே தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்க நேரும். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் மட்டும் தெரியும். ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். இரவு படுக்கும் முன் உள்ளங்காலை யாராவது பார்த்துவிடட்டும்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு, பயணம் போகும் ஒவ்வொருவரும் தங்கள் மாத்திரைகளையும் டாக்டர் சீட்டையும் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று தமிழில் எழுதி ஒட்டித் தருகிறோம். கூடப் போகும் பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.