தலைவர் பிறந்து வருவாரா, கத்துக்கிட்டு வருவாரா? (கூட்டேரிப்பட்டு பயிற்சி முகாமில் பேசியது)



எழுதிட்டு வந்த பேச்சை மடிச்சு பையில போட்டுட்டேன். டீ குடிக்கும்போது ஒரு தங்கச்சி கேட்டாங்க: "அண்ணா, எங்க வார்டுல என்னை நிக்கச் சொல்றாங்க. மைக்கைப் பிடிச்சாலே கை நடுங்குது. தலைமைங்கிறது பிறவியிலேயே வரணும்ல?"

குரல் வேணும்னா பிறவியில வரும். மத்தது வராதும்மா.

திண்டிவனம் பக்கம் இருக்கிற ஓமந்தூர்ல 1895-ல ஒரு விவசாயக் குடும்பத்துல பிறந்தவர் ஓமந்தூரார். முதலமைச்சர் பிறந்திருக்கார்னு அன்னிக்கு யாரும் ஊர்ல சொல்லியிருக்க மாட்டாங்க. சுதந்திரப் போராட்டத்துல வளர்ந்தவர், 1947 மார்ச்சில சென்னை மாகாணத்துக்கே முதல்வர் ஆனார். கோயில் நுழைவு, தேவதாசி ஒழிப்பு, ஜமீன் ஒழிப்புன்னு மூணு பெரிய சட்டம் அவர் ஆட்சியில வந்துச்சு. ரெண்டே வருஷம்தான் அந்த ஆட்சி!

காமராஜரை எடுத்துக்குங்க. பள்ளிப் படிப்பு பாதியில நின்னு, துணிக்கடையில நின்னவர். அவருக்கு அரசியல் ஆசான் சத்தியமூர்த்தி. 1936-ல சத்தியமூர்த்தி காங்கிரஸ் தலைவர், காமராஜர் செயலாளர். 1940-ல காமராஜர் தலைவர், சத்தியமூர்த்தி செயலாளர்! சீடனுக்குக் கீழே ஆசான் வேலை பார்த்தார். கத்துக்கிட்டவரைப் பத்தி எல்லாரும் பேசுறோம், கத்துக்கொடுத்தவரை மறந்துடுறோம். எனக்கு இதுல அவர்தான் பெரிய ஆளாத் தெரியுறார்.

என் கதை ரொம்பச் சின்னது. இன்ஜினியரிங் முடிச்ச திமிர்ல முதல் தடவை பூத்ல உட்கார்ந்தேன். காலையில மாதிரி வாக்குப்பதிவுல 50 ஓட்டு போட்டுக் காட்டினப்போ போன்ல மீம்ஸ் யோசிச்சுட்டிருந்தேன். சாயந்திரம் 17சி படிவம் வாங்காமலேயே கிளம்பிட்டேன். எத்தனை ஓட்டு பதிவாச்சுன்னு அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற கணக்கு அது. எண்ணிக்கை அன்னிக்கு மெஷின்ல வர்ற எண்ணை அதோடதான் ஒத்துப் பார்ப்பாங்க. நம்ம கட்சி அக்கா ஒருத்தங்க, கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், வாசல்லேயே மறிச்சு "தம்பி, பேப்பர் எங்கே?"ன்னாங்க. திரும்ப ஓடினேன். அந்த அக்கா பிறக்கும்போதே 17சி தெரிஞ்சா பிறந்தாங்க? நாலு தேர்தல் உட்கார்ந்து கத்துக்கிட்டாங்க.

உள்ளாட்சியில பெண்களுக்கு 50 சதவீதம்னு 2016-ல தமிழ்நாட்டுல சட்டமாச்சு. 2021 அக்டோபர்ல நம்ம மாவட்டத்துல ஜெயிச்ச பெண்கள்ல எத்தனை பேர் அதுக்கு முன்னாடி மைக் பிடிச்சிருப்பாங்க? வீட்டுக்காரரையே கையெழுத்துப் போட விட்டவங்களும் உண்டு, மறைக்க வேண்டாம். பிறவிக் குறைன்னு அதைச் சொல்ல முடியாது. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்தத் தப்புல நமக்கும் பங்கு இருக்கு.

அதனால ஒன்றிய நிர்வாகிகள்கிட்ட ஒரு கோரிக்கை. ஞாயிற்றுக்கிழமை தெருமுனைக் கூட்டத்துல முதல் அஞ்சு நிமிஷம் இந்தத் தங்கச்சிக்குக் கொடுங்க. தெருவிளக்கு, குடிதண்ணி பத்திப் பேசட்டும். நடுங்கினா நடுங்கட்டும். மைக் ஸ்டாண்ட் நான் கொண்டு வர்றேன்.

#கூட்டேரிப்பட்டு