பழைய வீடும் மறைந்து கிடக்கும் பங்குகளும்

 

 

மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளை எடுத்துச் சொல்லும் அந்நஹ்ல் அத்தியாயத்தில், நம் வீடுகளை நாம் அமைதி பெறும் இடமாக ஆக்கித் தந்ததையும் அல்லாஹ் ஓர் அருளாகக் குறிப்பிடுகிறான் (16:80). அவ்வசனத்தில் 'ஸகன்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. மன அமைதியைக் குறிக்கும் 'ஸகீனத்' என்னும் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். ஆகவே, நான்கு சுவரும் ஒரு கூரையும் இருந்துவிட்டால் மட்டும் அது வீடாகிவிடாது. உள்ளே தலை சாய்ப்பவனுக்கு நெஞ்சில் உறுத்தல் இல்லாதிருக்க வேண்டும்.

நல்ல மனைவி, விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார், வசதியான வாகனம் ஆகிய நான்கும் மனிதனின் நற்பேறுகளில் உள்ளவை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரழி) அறிவிக்கிறார்கள் (இப்னு ஹிப்பான்). எனவே சொந்த வீடு தேடுவதை உலக ஆசை என்று எவரும் இழிவாகப் பேசிவிட வேண்டாம். தேடலாம், தேடத்தான் வேண்டும். எப்படித் தேடுவது என்பதே இன்றைய நமது பேச்சு.

சரவணம்பட்டியில் ஒரு வீடு

நமது கோவை மாநகரின் வடகிழக்கே, சத்தியமங்கலம் சாலையில் உள்ள சரவணம்பட்டியை நீங்கள் அறிவீர்கள். பேரூராட்சியாக இருந்த அவ்வூர் 2011ஆம் ஆண்டு மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. கீரணத்தத்திலும் விளாங்குறிச்சியிலும் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் எழுந்தன. தோட்டங்கள் மனைகளாயின; மனைகள் அடுக்குமாடிகளாயின. புதிய வீட்டின் விலையை நடுத்தரக் குடும்பம் கேட்டு அறிந்துகொள்ள மட்டுமே முடிகின்ற நிலை வந்துவிட்டது. எனவே உக்கடத்திலும் கரும்புக்கடையிலும் தலைமுறை தலைமுறையாக வாடகைக்குக் குடியிருந்த நம் குடும்பங்கள், பிள்ளைகளின் வேலையை ஒட்டி அப்பக்கம் செல்லும்போது, பழைய ஊர்ப்பகுதியில் உள்ள ஓட்டு வீடுகளையும் சிறிய தளம் போட்ட வீடுகளையும் விசாரிக்கின்றன.

அப்படி விசாரித்தவர்களில் நானும் ஒருவன். இமாமின் வீடு பள்ளிவாசலின் வீடு. பணி முடியும் நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்த பின்னர் அந்த எண்ணம் இரவுகளில் வந்து எழுப்பத்தான் செய்கிறது. ஓராண்டுக்கும் மேலாகத் தேடி, சரவணம்பட்டியில் ஒரு பழைய வீட்டைக் கண்டேன். ஓட்டுக்கூரை, கனமான சுவர், பின்புறம் கிணறு, வாசலில் ஒரு வேப்பமரம். விலை அக்கம்பக்கத்து விலையை விடக் கணிசமாகக் குறைவு. விற்பவர்கள் நம் சமுதாயத்தைச் சேர்ந்த மூன்று சகோதரர்கள். தந்தை காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

"உடன்பிறந்த பெண் மக்கள் உண்டா?" என்று கேட்டேன்.

"ஒரு தங்கை இருக்கிறாள். கல்யாணத்தின்போதே நகை போட்டு அனுப்பிவிட்டோம், ஹழ்ரத். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள்" என்றார் மூத்தவர்.

விலை ஏன் குறைவு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அன்பர்களே! அன்றிரவு நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிதாபுகளைப் புரட்டினேன். சட்டம் அறிவதற்காக நான் புரட்டவில்லை. சட்டம் எனக்கு முன்பே தெரியும். எங்கேனும் ஒரு சலுகை கிடைக்காதா என்று தேடினேன். மறுநாள் என் மனைவியிடம் விவரத்தைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "என் வாப்பா வீட்டிலும் எனக்கு ஒரு பங்கு இருந்தது. நானும் கேட்கவில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை" என்றார். இத்தனை ஆண்டுகளாக மிம்பரில் நின்று வாரிசுரிமை பற்றிப் பேசிய நானும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

அல்லாஹ் பிரித்த பங்கு

பெற்றோரும் நெருங்கிய உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்கு இருப்பதைப் போன்றே பெண்களுக்கும் பங்கு உண்டு என்றும், சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் அது விதிக்கப்பட்ட பங்கு என்றும் அந்நிஸா அத்தியாயம் அறிவிக்கிறது (4:7). தகப்பனார் கண்மூடி, அவருடைய கடனும் வஸிய்யத்தும் நிறைவேறிவிட்டால், மிஞ்சிய சொத்தில் மகளின் பங்கு அவளுடையது. சகோதரர்கள் பார்த்துத் தருகின்ற அன்பளிப்பாக அதை எண்ணுவது பெரும் பிழை. திருமணத்தின்போது தந்தை போட்ட நகை அவர் உயிரோடிருந்தபோது கொடுத்த அன்பளிப்பு. அதைக் காட்டி இந்தப் பங்கைக் கழிக்க முடியாது. நம் நாட்டிலும் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு இதையே அடிப்படையாக ஆக்கியுள்ளது.

அடுத்தவர் பங்கை அவருடைய அனுமதியின்றி ஒருவர் விற்றால், ஹனஃபி மத்ஹபில் அந்த விற்பனை உரியவர் ஒப்புதல் தரும்வரை தொங்கி நிற்கும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லில் அது செல்லவே செல்லாது. அவள் கேட்கமாட்டாள் என்பது ஒப்புதல் ஆகுமா? மனம் ஒப்பித் தந்தாலன்றி ஒரு முஸ்லிமின் பொருள் பிறருக்கு ஆகுமாகாது என்பது நபிமொழி (அஹ்மத்). அண்ணன்மார் சுற்றி நிற்க, பத்திரத்தை நீட்டி, வெட்கப்பட்டும் தாய்வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்று பயந்தும் ஒரு பெண் இடுகின்ற கையெழுத்தில் மன ஒப்புதல் எங்கே இருக்கிறது? விடுதலைப் பத்திரம் சார்பதிவாளர் முன் செல்லலாம். ரப்பின் முன் செல்லுமா?

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனுக்கு மறுமையில் ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாகப் பூட்டப்படும் என்று ஸஈத் இப்னு ஸைத் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் எச்சரிக்கிறது (புகாரி, முஸ்லிம்). அபகரித்த இடத்தில் தொழுத தொழுகை கூடிவிடும். ஆனால் குற்றம் நீங்காது என்பது பெரும்பாலான ஃபுகஹாக்களின் தீர்ப்பு. நிம்மதியாக ஸஜ்தா செய்வதற்காக வாங்கும் வீட்டில் இந்த நிலை நமக்குத் தேவையா?

அநாதைகளின் நிலம்

மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குச் சொந்த வீடு இல்லை. அபூஅய்யூப் அல்அன்ஸாரீ (ரழி) அவர்களின் இல்லத்தில் சில மாதங்கள் தங்கினார்கள். ஒட்டகம் மண்டியிட்ட இடம், ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமான பேரீச்சங்களம். அவ்விடத்தை அன்பளிப்பாகவே தருகிறோம் என்று அச்சிறுவர்கள் கூறினர். பெருமானார் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. விலை கொடுத்தே வாங்கினார்கள் (புகாரி). மஸ்ஜிதுந் நபவி அங்கேதான் எழுந்தது. அல்லாஹ்வின் இல்லத்திற்கே அநாதைகளின் இடத்தை விலையின்றிப் பெறவில்லை என்றால், நம் குடும்பம் வாழும் வீட்டுக்கு எத்துணை எச்சரிக்கை வேண்டும்!

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கட்டளையிடுகிறது. ஆகவே ஆவணங்களை ஆராய்வதைத் தவக்குலுக்கு முரணாக எண்ணாதீர்கள்.

மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பாருங்கள். பட்டா இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே நின்றால், இடையில் பாகப்பிரிவினை நடக்கவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். நம் சமுதாயத்தில் வாய்மொழியாகச் செய்யப்படும் ஹிபா சட்டப்படி செல்லக்கூடியது. ஆயினும் அது அச்சான்றில் வராது. எனவே குடும்பத்தாரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் நேரில் கேட்டறியுங்கள். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றில் பெண் மக்கள் பெயர் விடுபடாமல் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

வாரிசுகளில் சிறுவர் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. முஸ்லிம் சிறுவரின் அசையாச் சொத்தை, சட்டப்படியான பாதுகாவலராக இல்லாத தாய் விற்பது செல்லாது என்று 1918ஆம் ஆண்டிலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துள்ளது. நீதிமன்ற அனுமதியின்றி அத்தகைய வீட்டில் கை வைக்காதீர்கள். பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் நம்பி வாங்கினால் உரிமை மாறாது என்பது 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய செய்தி. இந்துச் சகோதரரிடமிருந்து வாங்கும்போதும் இதே நீதியைப் பேணுங்கள். கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை தரும் திருத்தம் 2005இல் வந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண்ணின் கண்ணீரும் கண்ணீர்தான். வக்ஃப் இடமா என்பதையும் விசாரியுங்கள். அதை விற்கவும் வாங்கவும் எவருக்கும் உரிமை இல்லை.

நம் மாநிலத்தில் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத்தீர்வை வகையில் 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் செலுத்த வேண்டியுள்ளது. அந்த 9 விழுக்காட்டைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை மிச்சப்படுத்த விலையைக் குறைத்து எழுதினால், குடிபுகும் வீட்டின் முதல் ஆவணமே பொய்சாட்சி ஆகிவிடும்.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். வெடித்த சுவருக்கு வெள்ளையடித்தும், கரையான் அரித்த உத்திரத்துக்கு வண்ணம் பூசியும் காட்டாதீர்கள். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டபோது, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் இல்லை என்று நபியவர்கள் (ஸல்) கண்டித்த நிகழ்வு நீங்கள் அறிந்ததே (முஸ்லிம்).

பணத்திற்கு வழி

"ஹழ்ரத், வட்டிக் கடன் இல்லாமல் இக்காலத்தில் வீடு வாங்க முடியுமா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நம் நாட்டு வங்கிகளில் வட்டியில்லாப் பிரிவு தொடங்கும் யோசனையை ரிசர்வ் வங்கி 2017இல் கைவிட்டுவிட்டது. எனினும் வட்டி ஹராம் என்ற சட்டம் அதனால் மாறிவிடவில்லை. பெரிய புதிய வீட்டை விட்டுச் சிறிய பழைய வீட்டைத் தேடுவதே வட்டியிலிருந்து தப்பும் முதல் வழி.

இரண்டாவது வழி தவணை. ஸஹாபாக்களின் காலத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. அபூராஃபிஉ (ரழி) தமக்குச் சொந்தமான இரு அறைகளை அண்டை வீட்டாரான ஸஅத் (ரழி) அவர்களுக்கு நான்காயிரத்துக்குத் தவணை முறையில் விற்றார்கள். ரொக்கமாக ஐந்நூறு தீனார் தர வேறொருவர் தயாராக இருந்தும், அண்டை வீட்டாருக்கே முன்னுரிமை என்ற நபிமொழிக்காகக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள் (புகாரி). வசதியுள்ள பெரியவர்களே! உங்கள் பழைய வீட்டை விற்கும்போது ஓர் ஏழைக் குடும்பத்துக்குத் தவணை தர உங்களால் முடியாதா?

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. வீடு அமையும்வரை 'போக்கியத்துக்கு' இருக்கலாம் என்று, சில இலட்சங்களைக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருந்து, கெடு முடிந்ததும் முழுத்தொகையையும் திரும்பப் பெறுகிறார்கள். கொடுத்த தொகை கடன். வாடகையின்றி வாழ்வது அக்கடனால் கிடைக்கும் ஆதாயம். கடனால் வரும் ஆதாயம் வட்டி என்பது ஃபிக்ஹின் விதி. அதை விடுத்து, நியாயமான வாடகை பேசி, அளவான முன்பணம் கொடுத்துக் குடியிருங்கள்.

வீட்டுக்கு முன் அண்டை வீடு

பள்ளிவாசலுக்கு அருகில் வீடு கிடைக்கவில்லை என்று வருந்துவோர் பனூ ஸலிமா கூட்டத்தாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இடம்பெயர்ந்து மஸ்ஜிதுக்கு அருகில் வர விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருக்குமாறும் அவர்களின் காலடிகள் நன்மையாக எழுதப்படுவதாகவும் நபியவர்கள் (ஸல்) ஆறுதல் கூறினார்கள் (முஸ்லிம்).

1997, 1998ஆம் ஆண்டுகளின் துயரங்களுக்குப் பிறகு, நம் கோவையில் ஒருவரையொருவர் அஞ்சி ஒதுங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று கலந்து வாழும் தெருவில் குடியேறும் நீங்கள், உங்கள் நடத்தையாலேயே அந்த அச்சத்தைத் துடைக்க முடியும். தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்பினீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) (திர்மிதீ). பெருநாள் பிரியாணி பக்கத்து வீட்டுக்குப் போகட்டும். அவர்கள் புலால் உண்ணாதவர்களாயின் பழமும் இனிப்பும் போகட்டும்.

முடிவாக

அந்தச் சகோதரர்களிடம் திரும்பச் சென்று, "தங்கைக்கு அவருடைய பங்கைக் கொடுத்து, அவரும் மனமுவந்து கையெழுத்திட்டால் கூடுதல் விலை தந்தும் வாங்குகிறேன்" என்றேன். அவர்கள் இசையவில்லை. வீடு வேறொருவர் கைக்குப் போயிற்று. நான் இன்னும் பள்ளிவாசல் வீட்டில்தான் இருக்கிறேன்; இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். அவ்வழியே செல்லும்போது அந்த வேப்பமரத்தைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இரவில் தூக்கம் வருகிறது.

என் மனைவியின் சகோதரர்களிடமும் பேசினேன். பேச்சு இன்னும் முடியவில்லை. துஆ செய்யுங்கள்.

சகோதரர்களே! உங்களில் பலர் தந்தையார் விட்டுச்சென்ற பழைய வீட்டில், பங்கு பிரிக்காமலேயே வாழ்ந்து வருகிறீர்கள். இன்று ஜும்ஆ முடிந்து வீடு சென்றதும் உங்கள் சகோதரிக்கு ஒரு தொலைபேசி அழைப்புச் செய்யுங்கள். "உன் பங்கு என்னிடம் இருக்கிறது, எப்போது பேசலாம்?" என்று நீங்களே முதலில் கேளுங்கள். அவள் கேட்பதற்காகக் காத்திருக்காதீர்கள்.

யா அல்லாஹ்! வீடற்றோருக்கு ஹலாலான, விசாலமான வீட்டைத் தந்தருள்வாயாக! எங்கள் வீடுகளில் பிறர் பங்கு கலந்திருக்குமாயின், நாங்கள் கண்மூடுமுன் அதை உரியவரிடம் சேர்க்கும் தவ்ஃபீக்கைத் தருவாயாக! இம்மை வீடுகளைக் கடந்து, உன் அருகில் சுவனத்து வீட்டில் எங்களைக் குடும்பத்தோடு சேர்த்து வைப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.